நான் தொடாத பறக்கும் தட்டு

இருட்டறையின் சிவப்பு விளக்கில் எல்லாமே ஒரே நிறமாகத்தான் தெரியும். நான் பிலிம் சுருளின் இரண்டு நுனிகளையும் இரண்டு கைகளில் பிடித்துக்கொண்டு, மருந்து ட்ரேயில் தொட்டில் ஆட்டுவதுபோல இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரைக்கு வெளியே உங்கள் காதர் மாமு நின்றிருந்தார்.

"மாப்ளே, வந்துருச்சா?"

"இன்னும் இல்ல மச்சான்."

நான் சுருளை இன்னும் நாலு தடவை ஆட்டினேன்.

"இப்ப?"

"இதென்ன இடியாப்பமா மச்சான், ஆவி வந்ததும் இறக்க? பொறுங்க."

மொத்தம் எட்டுப் படங்கள். முதல் நாலில் ஒரு சோளக்காடு, ஒரு மாட்டின் பின்பக்கம், ஒரு மைல்கல், அவருடைய சைக்கிள். ஐந்தாவதில் சிறுமலை வந்தது. பிள்ளைகளே, நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெளுப்பு கறுப்பாக இருக்கும், கறுப்பு வெளுப்பாக இருக்கும். அதனால் கரிய மலை கண்ணாடிபோல வெளிறிக் கிடந்தது. அந்த வெளிறலின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு.

நீர்க்குமிழி என்று நினைத்து விரலால் தள்ளினேன். போகவில்லை. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். இரண்டு ஆப்பங்களை வாயோடு வாய் வைத்து மூடினால் ஓரம் மெலிந்து நடு உப்பலாக இருக்குமே, அந்த வடிவம். அடிப்பக்கம் மெல்லிய நிழல்கூட விழுந்திருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது ஆச்சரியம் இல்லை. 'இவருக்கா?' என்ற எரிச்சல்தான் வந்தது.

"மாப்ளே?"

"வந்துருச்சு மச்சான்," என்றேன். அந்த இரண்டு வார்த்தையை இவ்வளவு கசப்பாக நான் அதற்கு முன்னால் சொன்னதில்லை.

தோல் ஷாப் விஞ்ஞானி

காதர் மாமு உங்கள் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். படிப்பு அஞ்சாம் வகுப்பு. திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மோட்டார் ஓடும்போது அவருக்கு வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அவர் எதையாவது கண்டுபிடித்துவிடுவார்.

காயப்போட்ட தோலைக் காக்கை கொத்தாமல் இருக்க, காற்றில் சுற்றித் தகரத்தை அடிக்கும் காற்றாடி செய்தார். காக்கை பயந்ததோ இல்லையோ, பக்கத்துத் தெருவில் மத்தியானத் தூக்கம் போனது. தப்புச் சாவி போட்டால் மணியடிக்கும் பூட்டு செய்தார். சரியான சாவிக்கும் சில சமயம் மணி அடித்தது. சைக்கிள் பெடலை மிதித்துத் தேங்காய் துருவும் இயந்திரம் ஒன்று செய்தார். அதை மிதிக்க ஒருவர், தேங்காய் பிடிக்க ஒருவர், தேங்காய் தெறிக்கும்போது ஒதுங்க ஒருவர் வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும்தான் சிரித்தேன்.

உங்கள் அம்மாவுக்கு அண்ணன் என்றால் அப்படி. நிக்காஹ் முடிந்து வந்த முதல் வாரமே, "எங்கண்ணன் கை பட்டா இரும்பும் பேசுங்க" என்றாள். அடுப்பு எரியாவிட்டால் அண்ணன். கதவு கிறீச்சிட்டால் அண்ணன். அவர் வருகிற வெள்ளிக்கிழமைகளில் கறி ஆணத்தில் கிடக்கும் ஒரே நல்லி எலும்பு அவர் தட்டில்தான் விழும். எனக்குக் கத்திரிக்காய் விழும்.

உங்களில் பெரியவள் பிறந்து இன்னும் பல் முளைக்காத காலம் அது. அவள்கூட நான் தூக்கினால் அழுவாள், மாமுவைக் கண்டால் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள். மூன்று மாதக் குழந்தையின் மேல் கோபப்பட்டவன் உங்கள் அத்தா.

பென்சில் வேலை

என் வேலையைப் பற்றிப் போன வார இதழில் அரைகுறையாகச் சொன்னேன். நான் ஸ்டூடியோவில் படம் எடுப்பவன் இல்லை. முதலாளி எடுப்பார். நான் கழுவுவேன். பிறகு நெகட்டிவைச் சாய்மேசையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகத்தைச் சரிசெய்வேன். ரீடச்சிங் என்று பெயர். மரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருமை, எல்லாம் என் பென்சிலில் கரைந்துவிடும்.

ஒரு கல்யாணக் கதை சொல்கிறேன். சின்னாளபட்டிப் பக்கத்து நெசவுக் குடும்பம் ஒன்று. பெண்ணுக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்தார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு குழியாக அடைத்தேன். அடுத்த வாரம் ஒரு பையன் படம் எடுக்க வந்தான். அவனுக்கும் அம்மைத் தழும்பு. அதையும் அடைத்தேன். அந்தப் பெண்ணுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை அவன்தான் என்று எனக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று மணவறையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களாம். அப்புறம் அந்தப் பெண் முதலில் சிரித்துவிட்டதாம். நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

பிறகு குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்து முதலாளிக்குப் பழமும் வெற்றிலையும் கொடுத்தார்கள். "உங்க கேமரா ராசியான கேமராங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் தொழில் அப்படி. நான் நன்றாகச் செய்தால் நான் செய்ததே தெரியாது. தெரிந்தால் நான் மோசமாகச் செய்திருக்கிறேன் என்று பொருள். மாமுவின் பூட்டு தப்பாக மணியடித்தாலும் தெருவே கூடிக் கைதட்டும். எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரப்பர் மாட்டுவதற்குள்

அவருடைய கேமராவையும் அவரேதான் செய்தார். பிஸ்கட் டின் உடம்பு. சந்தையில் வாங்கிய உடைந்த கேமராவின் கண்ணாடி. மடிப்பு மடிப்பாக நீளும் துருத்திக்குச் சன்னமான ஆட்டுத் தோல். கண்ணை அருகில் கொண்டுபோனால் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாசனை அடிக்கும். மூடித் திறக்கும் தகரத்தை ஒரு ரப்பர் வளையம் இழுத்தது. ஒவ்வொரு படத்துக்கும் அந்த ரப்பரைக் கையால் மாட்ட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சாப்பிட்டுவிட்டு, அதைச் சோதிக்கச் செம்பட்டி ரோட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். ஊர் தாண்டிய வெட்டவெளியில் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார். கிழக்கே சிறுமலை. மேற்கு வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்த நேரம்.

படம் கழுவிய அன்று மாலை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"மலைக்கு முன்னாடி தொங்குதும்மா. கயிறு இல்ல, றெக்கை இல்ல. புளி போட்டு வெளக்குன ஈயச் சட்டி மூடி கணக்கா மின்னுது. சத்தமே இல்ல. மாடு மேயுது, அது பாட்டுக்குத் தொங்குது. ஒரு படம் புடிச்சேன். மறுபடி ரப்பரை மாட்டுறதுக்குள்ள தெக்க வழுக்கிட்டுப் போயிருச்சு."

"பயமா இல்லையாண்ணே?"

"ரப்பர் அந்து போயிருமோன்னுதான் பயமா இருந்துச்சு."

உங்கள் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏதாவது கழுகா இருக்கும்" என்றேன்.

"கழுகுக்கு இம்புட்டு மினுமினுப்பு ஏதுங்க?" என்று உங்கள் அம்மா என் கையிலிருந்து படத்தைப் பிடுங்கினாள்.

மறுநாள் அந்தப் படம் 'பறக்கும் தட்டு' என்ற பெயரோடு டீக்கடைக் கண்ணாடியில் ஏறியது. பேகம்பூர்க்காரர்கள் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள், பழனிப் பக்கத்து வியாபாரிகள் வந்து, "ஏனுங்க, தட்டுப் படம் புடிச்சவரு யாருங்க?" என்று விசாரித்தார்கள். பத்து வருஷமாக நான் நடந்த தெருவில் எனக்குப் புதுப் பெயர் வந்தது. தட்டுக்காரர் தங்கச்சி புருஷன்.

பூதக்கண்ணாடி

அந்தச் சமயம் மதுரையில் ஒரு கைத்தொழில் பொருட்காட்சி நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அதன் கமிட்டிக்காரர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, மாமுவின் வீட்டில் காற்றாடி, பூட்டு, துருவல் இயந்திரம் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். ஒரு கடை முழுக்க மாமுவுக்கே கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். மாமு அன்று இரவு சாப்பிடவில்லையாம், சந்தோஷத்தில்.

மறுநாள் காலை அந்தக் கமிட்டிக்காரர் ஸ்டூடியோவுக்கு வந்தார். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். நான் சாய்மேசையில் இருந்தேன்.

"உங்க மச்சான் படத்தோட நெகட்டிவ் இருக்கா?"

கொடுத்தேன். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"ஒளிக்காம சொல்றேன். இந்தப் படம் நிஜம்னா, கடை வாசல்லயே பெருசா வச்சிருவோம். பொய்னா, அவரோட மத்த சாமானையும் மேடை ஏத்த முடியாது. பொய் சொல்ற ஆளோட மெஷினை யார் நம்புவா?"

நான் தலையாட்டினேன்.

அவர் என் சாய்மேசையைப் பார்த்தார். வரிசையாகச் சீவி வைத்திருந்த பென்சில்களைப் பார்த்தார். அரைகுறையாகச் சரிசெய்த ஒரு முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் உங்க கைவேலையா?"

"ஆமாங்க."

"அடேயப்பா. நான் எத்தனையோ ஊர்ல பார்த்திருக்கேன். இப்படி ஒரு கை பார்த்ததில்ல." மறுபடி மாமுவின் நெகட்டிவைத் தூக்கினார். "இதுல பென்சில் கோடே தெரியலையே! இந்த மாதிரி ஒண்ணை எப்படிப் போடறது?"

பிள்ளைகளே, கவனமாகக் கேளுங்கள். 'நீ போட்டாயா' என்று அவர் கேட்கவில்லை. 'எப்படிப் போடறது' என்றுதான் கேட்டார். 'அது எனக்குத் தெரியாது, இதை நான் தொடவில்லை' என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொல்லிக்கொடுத்தேன்.

"முதல்ல பஞ்சுல மருந்து தொட்டுத் தடவணுங்க, அப்பத்தான் பென்சில் பிடிக்கும். வானத்துல போட முடியாது. நெகட்டிவ்ல வானம் முன்னாடியே கறுப்பு. அதுனால மலை, பாறை மாதிரி இருட்டா இருக்கிற இடம் வேணும்." பேசிக்கொண்டே, வீணாய்ப் போன ஒரு மலைக்கோட்டை நெகட்டிவை எடுத்தேன். பாறைக்கு முன்னால் ஒரு தட்டைப் போட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடியில் நிழல், மேலே ஒரு மினுக்கு, எல்லாம் வந்துவிட்டது.

அவர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "இதுல கொஞ்சம் கோடு தெரியுது."

"அவசரத்துல போட்டதுங்க."

"அது சரி. அதை நிதானமா போட்டிருப்பீங்க."

மாமுவின் நெகட்டிவில் கோடு தெரியாததற்குக் காரணம், அதில் கோடே இல்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கக்கூட வேண்டாம். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு ஒரு துடை துடைத்தால் பென்சில் அழிந்துவிடும், நிஜமான படம் அப்படியே நிற்கும். டர்பன்டைன் பாட்டில் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. என் முழங்கையில் அது இடித்ததுகூட நினைவிருக்கிறது.

நான் துடைக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, படித்த மனிதர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

கமிட்டிக்குக் காட்ட வேண்டும் என்று மாமுவின் நெகட்டிவை அவர் கொண்டுபோனார்.

தலைக்கு மேலே தட்டு

கடிதம் வந்தது, நெகட்டிவ் வரவில்லை. மாமுவுக்குக் கடை இல்லை. காரணம் இங்கிலீஷில் இரண்டே வரி: தட்டு பென்சிலால் போடப்பட்டது, போட்டவன் நான். அதை மாமு டீக்கடையில் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், ஊருக்குத் தெரிந்துவிட்டது.

டீக்கடைக்காரர் படத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு படத்தையும் ஒட்டினார், என்னுடைய மலைக்கோட்டைத் தட்டை. முதலாளிதான் பிரின்ட் போட்டுக் கொடுத்திருந்தார்.

"ஏலே, அனிபா தட்டுதாம்ப்பா அழகா இருக்கு."

"காதர் தட்டு கொஞ்சம் மங்கல்."

"ரெண்டுமே அனிபா தட்டுதாண்டா!"

அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் ஒரு கூத்து நடந்தது. படமெடுக்க வந்தவர்கள் எல்லாம் தட்டு கேட்டார்கள். ஒரு புதுமாப்பிள்ளை, "எனக்கு தலைக்கு மேல ஒண்ணு, அவளுக்கு வேணாம், பயந்துக்குவா" என்றான். பின்னால் தொங்கும் கறுப்புத் திரையில் தட்டு போடுவது எனக்குச் சுலபம். எத்தனை போட்டேன் என்று கணக்கில்லை. இப்போதுகூடத் திண்டுக்கல்லில் பழைய வீட்டுச் சுவர்களில் தாடி வைத்த பெரியவர்களின் தலைக்கு மேலே அவை தொங்கிக்கொண்டிருக்கலாம்.

எல்லோரும் என்னை அனிபா என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். அது நன்றாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வீட்டில் மட்டும் உங்கள் அம்மா அண்ணனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை மாமு வரவில்லை. நல்லி எலும்பு என் தட்டில் விழுந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

மச்சான் சொன்ன நன்றி

இரண்டு வெள்ளி கழித்து மாமு ஸ்டூடியோவுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ளே, ரெண்டு வாரமா யோசிச்சேன். மேக்க வெயிலு பாறையில பட்டு என் கண்ணு கூசியிருக்கும். ஒண்ணும் இல்லாததை இருக்குன்னு நெனச்சுட்டேன்."

"மச்சான்..."

"இருப்பா, சொல்லிக்கிறேன். அன்னைக்குத் திரைக்கு வெளிய நின்னு 'வந்துருச்சா வந்துருச்சா'ன்னு உன் உசுரை எடுத்தேன். நீ உள்ள பார்த்திருப்ப, பிலிம்ல ஒண்ணும் இல்ல. மச்சான் மனசு நோகக் கூடாதுன்னு ஒண்ணைப் போட்டுக் குடுத்துட்ட. கமிட்டிக்காரன் வந்து கேட்டா நீ என்னதான் பண்ணுவ? எனக்காக எம்புட்டு நாள் பொய்யைச் சுமப்ப?" என் தோளைப் பிடித்தார். "நல்ல மனசுய்யா உனக்கு. என் தங்கச்சி ஜைனம்பு குடுத்து வச்சவ."

ஒரு மனிதன் தன் கண்ணால் பார்த்ததையே கைவிட்டுவிட்டு, அதற்காக எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் தொடவே இல்ல மச்சான்," என்றேன். "அல்லா மேல ஆணையா. கழுவும்போதே அது இருந்துச்சு. நான் பார்த்தேன். டர்பன்டைன் போட்டுத் துடைச்சா இப்பவே காட்டிருவேன்."

"எதைத் துடைப்ப?"

நெகட்டிவ் மதுரைக்குப் போய்விட்டது. எதைத் துடைப்பேன்?

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "போதும் மாப்ளே. இதையும் எனக்காகத்தான் சொல்ற. ஆணையெல்லாம் போடாத."

மதுரைக்கு மூன்று முறை போனேன். பொருட்காட்சி முடிந்து கமிட்டியும் கலைந்துவிட்டது. அந்தக் கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மாமு கேமராவைப் பிரித்தார். ஆட்டுத் தோல் மோட்டாருக்கு வாஷராகப் போனது. பிறகும் அவர் பலதையும் செய்தார். அடுப்பு, தாழ்ப்பாள், கிணற்று உருளை. ஆனால் பிறரை நம்பச் சொல்லிக் கேட்க வேண்டிய எதையும் அதற்குப் பிறகு அவர் செய்யவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை. கைதட்டலும் நல்லி எலும்பும் எப்போதோ மறந்துபோயின. வேறொன்று உறுத்துகிறது. அது மலைக்கு முன்னால் வெயிலில் மின்னிக்கொண்டு தொங்கியபோது நேரில் பார்த்தவர் அவர். நான் சிவப்பு விளக்கில் அதைக் கறுப்புப் பொட்டாகத்தான் பார்த்தேன். அத்தனை அழகான ஒன்றைப் பார்த்த மனிதரிடமிருந்து அதைப் பிடுங்கினேன், எனக்கும் அது கிடைக்கவில்லை.

மாமு இப்போது கீரனூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பேரன் இந்தப் பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டுவானாம். இதையும் வாசிப்பான். மச்சான், நான் தொடவில்லை.

இதை அனுப்புவதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு கேட்டப்ப, 'நான் தொடலை'ன்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆயிருக்குங்க?"

"ஒரு மூச்சு விடற நேரம்கூட ஆயிருக்காது."

"அம்புட்டு நேரம்கூட எங்கண்ணன் பெரிய ஆளா இருக்கக் கூடாதுன்னு நெனச்சீங்க."

நான் தாள்களை மடிக்கப் போனேன்.

"இதையும் எழுதுங்க," என்றாள்.

எழுதிவிட்டேன்.